ஆறரை மணிக்கு ஒரு மெம்பரேன்

மஞ்சக்குப்பத்தில் மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
ஒரு மேசை, ஒரு கணினி,
கூரை வரைக்கும் ஃபில்டர் பெட்டிகள்.
ஊர்த் தண்ணீரைக் குடிக்கும்படி செய்வது தொழில்.
போனை எடுப்பதும் தேதி கொடுப்பதும் நான்.

முதலில் உரக்கம்பெனி டைரி இருந்தது.
மார்ச் மாதத்தின் மேல் சாம்பார் கொட்டியது.
பிறகு வெள்ளைப் பலகை.
சாய்ந்து நின்று போன் பேசிய கலியமூர்த்தியின் சட்டை
ஒரு வியாழக்கிழமையை முழுதாகத் துடைத்துக்கொண்டு
வீட்டுக்குப் போனது.
பிறகு வாட்ஸப் குழு.
காலை வணக்க ரோஜாக்களுக்கு அடியில்
முகவரிகள் மூழ்கின.

செம்மண்டலத்தில் ஒரே வாசலில்
கலியமூர்த்தியும் இதயத்துல்லாவும்
ஆளுக்கொரு ஸ்பேனரோடு சந்தித்துக்கொண்ட அன்று
தேவனாம்பட்டினத்தில் ஒரு டீச்சர்
அரைநாள் லீவு போட்டுக் காத்திருந்தார்.
திட்டவில்லை. "சரிம்மா" என்றார்.
திட்டியிருக்கலாம்.

அன்று ராத்திரி தேடினேன்.
ஒன்று, தலைக்கு மாதம் இருநூறு கேட்டது.
முதலாளி குப்புராஜ் தலைகளை எண்ணிவிட்டுத்
தன் தலையைத் தடவிக்கொண்டார்.
இன்னொன்று இலவசம்,
முப்பது நாளைக்கு.
கடைசியில்
எல்லார் போனிலும் வாங்கின நாளிலிருந்து
சும்மா கிடந்த காலண்டர்தான்.
'பகிர்' என்று அதில் ஒரு பொத்தான்
யாரும் தொடாமல் இருந்தது.

நிறம் பிரிப்பதில் ஒரு மணி நேரம் போனது.
இரண்டு பேருக்கு நீலம் வேண்டும்.
தனக்கு வந்த ரோஸை
எழில்வேந்தன் ஒரு வாரம் மன்னிக்கவில்லை.
மணவாளன் மட்டும்
"மிச்சம் எதுவோ அது" என்றார்.
மிச்சம் இருந்தது சாம்பல்.

பத்து நாள் நானே எழுதினேன். ஓடியது.
இனி அவரவர் வேலையை அவரவரே போடுங்கள் என்றேன்.
பதினோராம் நாள் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்:
புதுப்பாளையம், மெம்பரேன், காலை 6.30.
வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.
பால் பாக்கெட்டுக்கு முன்னால் எழுந்து
கதவைத் திறந்து வைத்திருக்கிறார் மனிதர்.
மணவாளன் போனது ஒன்பதுக்கு.

"நான் ஒன்பதுன்னுதானே போட்டேன்?"

போனை வாங்கிப் பார்த்தேன்.
கடைச் சுவரில் பத்தே கால்.
அவர் கையில் பன்னிரண்டே முக்கால்.

"ஊர் நேரத்துக்கு வாட்ச் இருக்குங்க.
போன்ல அவ நேரம்."

அஞ்சுகம் ஈசூனில்,
வயதானவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையில்.
"ஒவ்வொரு தடவையும் ரெண்டரையைக் கூட்டணும்.
தப்பாக் கூட்டி ஒரு நாள்
தூக்கத்துல எழுப்பிட்டேன்."
நான் எழுதிய வேலைகளுக்குப்
போன் மணி பார்த்துச் சரியாகப் போயிருக்கிறார்.
தானே எழுதும்போது மட்டும்
வாட்ச் மணி குறுக்கே வந்திருக்கிறது.

மாற்றுங்கள் என்றேன்.
பேசாமல் மாற்றினார்.
மத்தியானம் பெட்டிகளுக்கு நடுவில் நின்று
விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள், அமைப்புகளுக்குள் ஆறு கதவு தாண்டி
ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன்:
இரண்டாவது நேரம்.
இப்போது கடைக் கணினியில்
ஒன்பதுக்குப் பக்கத்தில் பதினொன்றரை.
டீ வரும்போது கலியமூர்த்தி திரையைப் பார்த்து
"அங்க சாப்பாட்டு நேரமே தாண்டிடுச்சு" என்கிறார்,
சிங்கப்பூரில் தனக்கும் இலை போட்டதுபோல.

அந்த வாரமே ஒரு கட்டம் முளைத்தது.
சாயங்காலம் ஐந்தரை, தினமும்,
சாம்பல் நிறம், தலைப்பு இல்லை.
அங்கே எட்டு மணி. ஷிஃப்ட் முடிந்து
அவள் பஸ்ஸுக்கு நடக்கும் நேரம்.
அதன்மேல் நான் எந்த வேலையும் வைப்பதில்லை.

குப்புராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இது என்ன, முகவரியே காணோம்?"
"ஏ.எம்.சி., சார்."
"எது வரைக்கும்?"
திறந்து பார்த்தேன்.
முடிவு தேதியில்
அடுத்த ஜூன் பத்தொன்பது என்று இருந்தது.

அன்றைக்கு தேவனாம்பட்டினம் டீச்சருக்கு
ஃபில்டர் மாற்ற வேண்டும், சாம்பலில் இருந்தது.
ரோஸுக்கு மாற்றி வைத்தேன்.